யூகலிப்டஸ் காட்டின் ஓரத்தில் குடும்ப வீடு: தொடக்கநிலையாளர்களுக்கான வடிவமைப்புப் படிகள்

சிட்னிக்கு மேற்கே நீல மலைச் சரிவுகளில் காட்டை ஒட்டி மனை வாங்குவோர் பெரும்பாலும் அறைகளின் எண்ணிக்கையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கே வீட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பவை மரம், தீ, வெயில் ஆகிய மூன்றுமே ஆகும். ஒன்றுக்கு நன்மையாகச் செய்வது மற்றொன்றுக்குப் பாதகமாகலாம் என்பதால், கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

படி 1: மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

நில அளவையாளரிடம் சரிவையும் ஒவ்வொரு பெரிய மரத்தையும் குறித்த வரைபடம் கேளுங்கள். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால், வேருக்காக விட்டுவைக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பள்ளம் தோண்டுவதையும் மண் கொட்டுவதையும் லாரி நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். பொந்துள்ள முதிர்ந்த மரங்களைத் தனியே குறியுங்கள். யூகலிப்டஸில் பெரிய பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், அதை நம்பி வாழும் ஆந்தைக்கும் கிளிக்கும் புதுக்கன்று நட்டு ஈடுசெய்ய முடியாது.

படி 2: தீயின் கடுமையை அறியுங்கள்

காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் வீடு கட்டுவதற்கான ஆஸ்திரேலியத் தரநிலை ஏ.எஸ். 3959 ஆகும். சுற்றுப்புறத் தாவரங்களின் வகை, அவற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம், அவை நிற்கும் நிலத்தின் சரிவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, மனைக்கு ஒரு பி.ஏ.எல். நிலை, அதாவது காட்டுத்தீயின் தாக்கம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதற்கான அளவு, தரப்படும். மிகக் குறைந்த அபாய நிலைக்கு மேல் 12.5, 19, 29, 40 என ஏறி, தீப்பிழம்பே நேராகத் தொடும் நிலையில் அது முடிகிறது. இந்த எண்கள் ஒரு சதுர மீட்டர் சுவரின் மீது விழக்கூடிய வெப்பத்தைக் கிலோவாட்டில் குறிப்பவை. எண் உயர உயர, கண்ணாடி முதல் கதவு வரை எல்லாவற்றின் செலவும் உயரும். இந்த மதிப்பீட்டைப் பெறுவதற்கு முன் வீட்டுப்படம் வரையச் சொல்வது வீண்செலவு.

படி 3: வீடு அமரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

காட்சிக்காக மலை உச்சியைத் தேர்ந்தெடுக்கும் ஆசை பலருக்கும் உண்டு. மேல்நோக்கிய சரிவு 10 பாகை கூடும்போது தீ பரவும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால், கீழே காடும் மேலே வீடும் இருப்பது ஆபத்தான அமைப்பு. ஏற்கெனவே வெட்டவெளியாக இருக்கும், சாலைக்கு அருகிலுள்ள இடமே பெரும்பாலும் சிறந்தது. மரமும் பிழைக்கும், தீயணைப்பு வண்டியும் எளிதில் வரும்.

வீட்டைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தை மொட்டையடிக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். இப்பகுதி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிகளின்படி, வீட்டை ஒட்டிய உள்வளையத்தில் மரத்தலைகள் கவியும் பரப்பு 15 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், கீழ்க்கிளைகள் 2 மீட்டர் வரை கழிக்கப்பட்டும், கிளைகள் கூரைக்கு மேல் கவியாமலும் இருந்தால், மரங்கள் நிற்கலாம்.

படி 4: வெயிலுக்கு ஏற்ப வீட்டைத் திருப்புங்கள்

தென் அரைக்கோளத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்கு வெயிலுக்குப் பழகிய நம்மவர்கள் ஊரிலுள்ள வீட்டுப்படத்தை அப்படியே கொண்டுவந்தால், குளிர்காலம் முழுதும் கூடம் இருண்டு கிடக்கும். ஆகவே கூடத்தையும் சமையலறையையும் வடக்கில் வையுங்கள்.

சிட்னியில் டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 79 பாகை உயரத்திலும், ஜூனில் 33 பாகை உயரத்திலும் நிற்கும். கூரை விளிம்பு கண்ணாடியிலிருந்து 90 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருந்தால், டிசம்பரில் நிழல் சன்னலின் அடிவரை இறங்கிவிடும். ஜூனிலோ 58 சென்டிமீட்டர்தான் இறங்கும். சன்னலின் மேல்விளிம்பைக் கூரைக்கு 30 சென்டிமீட்டர் கீழே அமைத்தால், குளிர்கால வெயிலின் பெரும்பகுதி உள்ளே வரும். தாழ்ந்த மாலை வெயிலை இந்த நீட்சி தடுக்காது என்பதால், மேற்குச் சன்னல்களைச் சிறிதாக்குங்கள்.

2002-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற கட்டடக்கலைஞர் கிளென் மர்கட்டின் கிராமப்புற வீடுகள் சில, ஓரறை ஆழமே கொண்டு நீண்டு ஒடுங்கியிருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற இதைவிட எளிய வழி இல்லை.

படி 5: தீப்பொறி நுழையும் வழிகளை அடைத்துவிடுங்கள்

பல வீடுகள் எரிவது தீச்சுவரால் அன்று, காற்றில் வரும் பொறிகளால்தான். காற்றுத்துளைகளுக்கும் திறக்கும் சன்னல்களுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை பொருத்துங்கள். இரு கூரைகள் சேரும் பள்ளத்தில்தான் காய்ந்த இலை குவியும். எனவே மடிப்பில்லாத எளிய தகரக்கூரையே என் பரிந்துரை. தூண்களின் மேல் வீட்டை உயர்த்தினால் நிலம் சிதையாது, ஆனால் வீட்டுக்கு அடியில் சருகு சேரும். ஆகவே அவ்விடத்தை எரியாத பொருளாலோ உலோக வலையாலோ அடைக்க வேண்டும். வெளித்தளத்துக்கு மரம் வேண்டுமென்றால், தரநிலை ஏற்கும் பிளாக்பட், ஸ்பாட்டட் கம் போன்ற உள்ளூர் மரங்களைக் கேளுங்கள்.

படி 6: நீரைச் சேமியுங்கள்

200 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 5,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தொட்டிக்கு வரும். பிளாஸ்டிக் தொட்டி வெப்பத்தில் உருகும். உலோகத் தொட்டியே வாங்குங்கள். வீட்டுக்குழாயைத் தொட்டியின் அடியில் பொருத்தாமல் மேலே பொருத்தினால், அதற்குக் கீழுள்ள நீர் எப்போதும் தீயணைப்புக்கென்று மிஞ்சும். அடியில் தீயணைப்பு வண்டிக்கான 65 மில்லிமீட்டர் ஸ்டோர்ஸ் இணைப்பு (தீயணைப்புக் குழாயைப் பூட்டும் வாய்) இருக்கட்டும். தொட்டியின் கொள்ளளவையும் சன்னல்களின் அளவையும் உறுதிசெய்த பிறகே, உள்ளாட்சி கவுன்சில் கேட்கும் பேசிக்ஸ் சான்றிதழுக்கு (வீட்டின் நீர், எரிசக்திச் சிக்கனத்துக்கான சான்று) விண்ணப்பியுங்கள். பின்னர் அவற்றை மாற்றினால் சான்றிதழையும் திருத்த நேரிடும்.