பாட்டியின் சாமி மாடமும் நாம் போட்டுக் குழப்பும் தத்துவங்களும்

கோத்தகிரியில் எங்கள் பாட்டியின் சாமி மாடத்தில் கதிர்காமத்து முருகனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புத்தர் படமும் இருக்கும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி இரண்டு படத்துக்கும் ஒரே ஊதுபத்தியைத்தான் காட்டுவார். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டால் மட்டும் விடமாட்டார். "இவரு சாமி. அவரு வழி சொன்னவரு."

இந்த இரண்டு சமயங்களையும் பற்றி எழுதும்போதும் சொல்லிக்கொடுக்கும்போதும் நாம் செய்யும் முதல் தவறு, பாட்டி பிரித்துச் சொன்ன இதைக் குழப்பிப் புத்தரையும் சாமியாக்கிவிடுவதுதான். உலகைப் படைத்தேன் என்றோ வரம் தருகிறேன் என்றோ புத்தர் சொல்லவில்லை. பௌத்த நூல்களிலும் தேவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் பிறந்து இறப்பவர்களே. புத்தரைத் திருமாலின் அவதாரமாகச் சொல்வது இந்து மரபில் ஒரு சாராரின் வழக்கம். பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை. தமிழ்நாட்டு வைணவர்களின் பத்து அவதார வரிசையிலும் புத்தர் இல்லை, பலராமர்தான் இருக்கிறார்.

அதைவிடப் பெரிய குழப்பம் மறுபிறவி. இரண்டு சமயமும் மறுபிறவியை ஏற்கின்றன, அதனால் சொல்வதும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். பழைய துணியைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல ஆன்மா உடலை மாற்றுகிறது என்கிறது கீதை. பௌத்தமோ உடுத்திக்கொள்ள ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதையே மறுக்கிறது. நிலையான ஆன்மா இல்லை என்பது அதன் அடிப்படை, அனாத்ம வாதம். அப்படியானால் மறுபடி பிறப்பது எது? மிலிந்தன் என்ற அரசன் இதைக் கேட்டபோது நாகசேனர் என்ற துறவி விளக்கைக் காட்டித்தான் பதில் சொன்னார். கார்த்திகையன்று திண்ணையில் ஓர் அகலிலிருந்து அடுத்த அகலை ஏற்றும்போது பாருங்கள். திரியோடு திரி தொடும், சட்டென்று பற்றிக்கொள்ளும். முதல் சுடர் அங்கிருந்து பெயர்ந்து போகவில்லை, ஆனாலும் அது இல்லாமல் இது எரிந்திருக்காது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் "புத்தரின் ஆன்மா" என்று எழுதமாட்டார்.

இந்து சமயம் என்றாலே ஆன்மா பிரம்மத்தில் கரைவதுதான் என்று எழுதுவதும் சரியில்லை. அது அத்வைதத்தின் பார்வை. நம் சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் என்றும் உள்ளவை. முத்தியிலும் உயிர் சிவனாகவே ஆகிவிடுவதில்லை, அவன் திருவடியில் இருக்கிறது. அதேபோல் இந்த மலையின் பழங்குடிகளான தொதவர், கோத்தர் வழிபாடுகளையெல்லாம் ஒரே வரியில் இந்து என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கென்று தனிக் கோயிலும் தனிச் சடங்கும் இருக்கின்றன.

"ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று புத்தர் சொன்னதாகப் பள்ளியில் படித்தோம். தண்ணீர் குடிக்க நினைப்பதும் குழந்தை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதும் தப்பா என்று மாணவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பாலி மொழியில் மூலச் சொல் 'தண்ஹா', விடாமல் பிடித்து இழுக்கும் வேட்கை. மணிமேகலைக் காப்பியம் இதைச் சரியாகப் பிடித்தது: "பற்றின் வருவது முன்னது". 'முன்னது' என்பது துன்பம். பற்று என்றே சொல்லிக்கொடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

எனக்குத் தாங்க முடியாதது கர்மத்தைத் தலைவிதியாக்குவது. மழைக்காலத்து மண்சரிவில் வீடு போனவரிடம், "போன ஜென்மத்து வினை" என்று ஆறுதல் சொல்கிறார்கள். எல்லா வேதனையும் முன்வினையால்தானா என்று சிவகர் என்பவர் கேட்டபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று பல காரணங்களை அடுக்கி, அப்படிச் சொல்வது தவறு என்றார் புத்தர். அவருக்குக் கர்மம் என்பது எண்ணத்தோடு செய்யும் செயல். இந்து மரபிலும் பிராரப்தம், அதாவது இப்பிறவியில் பலன் தரும் பழைய வினை, ஒரு பகுதிதான். இன்று நாம் செய்து சேர்ப்பது ஆகாமியம், அது நம் கையில் இருக்கிறது. பாட்டி அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் வினை பற்றிப் பேசமாட்டார். கம்பளியும் தூக்குச்சட்டியில் சுடுகஞ்சியும் கொண்டுபோவார்.

ஊட்டிக் கடைகளில் விற்கும் தொப்பை வைத்த சிரிக்கும் புத்தர், கௌதம புத்தர் அல்ல. பூதாய் என்ற சீனத் துறவி, இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் வடிவமாகச் சீனர்கள் கருதுபவர். வாங்கி வையுங்கள், பிள்ளைகள் கேட்டால் பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.