மீன் வீட்டில் தவசு இருப்பது எப்படி

ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பக்கம் இருக்கிற கத்தோலிக்கர்களான நமக்கு, உயிர்ப்பு விழாவுக்கு முன்னால் வருகிற நாற்பது நாள் தவக்காலத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். மதுரைப் பக்கம் கட்டிக்கொண்டு போன அத்தை மகள் சாம்பாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, நாம் கோழியைத் தியாகம் செய்த திருப்தியில் சீலா மீன் குழம்பு, கணவாய் வறுவல், நண்டு ரசம் என்று உட்காருகிறோம். சட்டப்படி தப்பே இல்லை. ஆனாலும் இதை ஒறுத்தல் என்று ஆண்டவரிடம் கணக்குக் காட்ட நமக்கே வாய் கூசும். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேர் இதைக் குறைத்தும் மீதிப் பேர் கூட்டியும் வைத்திருக்கிறார்கள். 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம். 18 நிறைந்ததிலிருந்து 59 நிறைகிற வரை ஒருசந்தி, அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று வருசத்தில் இரண்டே நாள்தான்: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. நாற்பது நாள் கணக்கில் ஞாயிறு சேராது. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயம் இல்லை. வெறும் வயிற்றோடு வெயிலில் வலை இழுத்து, தலை சுற்றிக் கடலில் விழுந்து வேதசாட்சி ஆகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடல் வேலைக்காரர்கள் பங்குச்சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், நோன்பிலிருந்து விலக்குக் கொடுக்கவோ அதற்குப் பதில் வேறு ஒரு பக்தி முயற்சியைச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

இனி எதை விடுவது? நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கை வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் கோழி எடுக்கிற வீட்டில் கோழியை விடுவது பெரிய காரியமில்லை, மீனை விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். முழு நாற்பது நாளும் என்று சொல்லவில்லை, வீட்டில் கலவரம் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் மீன், கருவாடு இரண்டும் இல்லாமல் ஒரு பருப்பும் ரசமும் வையுங்கள். (கருவாடு மீனில் சேராது என்று ஒரு கட்சி எல்லா வீட்டிலும் இருக்கும். பேச்சை வளர்க்காமல் தட்டை வையுங்கள்.) நம் மாவட்டத்துப் புனிதர் அருளானந்தர் லிஸ்பனில் பெரிய வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். இங்கே வந்து பண்டாரச் சாமியாகக் காவி கட்டி, கறி, மீன், முட்டை எதையும் தொடாமல் வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டுப்பட்டார். அவர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளுகிற நாம், வாரம் ஒரு நாளாவது அவர் சாப்பிட்டதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

மீனை விடவே முடியாது என்றால் வேறு ஒன்று சொல்கிறேன், அது இன்னும் கஷ்டம். பேரத்தை விடுங்கள். தலைச்சுமையாக வருகிற அக்கா கூடையை வாசலில் இறக்கி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கூறு நூறு ரூபா" என்கிறார். நாம் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், நல்ல சிவப்பாகத்தான் இருக்கிறது, இருந்தும் முகத்தைச் சுளித்து, "நேத்து மீன் மாதிரி இருக்கே, அறுபதுக்குத் தாக்கா" என்கிறோம். அந்த "நேத்து மீன்" இருக்கிறதே, அது சுத்தப் பொய், எட்டாம் கட்டளையில் நேராக வந்து உட்காரும். ஜவுளிக்கடையில் அட்டையில் போட்ட விலையைச் சத்தமில்லாமல் கொடுக்கிற வாய் இது என்பதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கும். தவக்காலம் முடிகிற வரை கேட்ட விலையைக் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் விடுங்கள், செவுளை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கு எசாயா 58-ஆம் அதிகாரத்தைத் தவிர வேறு வழிகாட்டி தேவையில்லை. நோன்பு இருக்கிற நாளிலேயே உங்கள் லாபத்தைத்தானே பார்க்கிறீர்கள், வேலையாட்களை நசுக்குகிறீர்களே என்று கடவுள் அங்கே கேட்கிறார். விசைப்படகு கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, டீசலையும் ஐஸையும் கழித்துப் பங்கு பிரிக்கும்போது அந்த ஐஸ் கணக்கில் இரண்டு கட்டி கூடுதலாகப் புகுவது எப்படி என்று நமக்கும் தெரியும், கூட வந்த பையன்களுக்கும் தெரியும், கேட்டால் அடுத்த தங்கலுக்கு, அதாவது அடுத்த கடல் பயணத்துக்கு, கூப்பிட மாட்டார்கள் என்பதால் கேட்பதில்லை. இந்த ஒரு கணக்கை நேராக எழுதினால், நாற்பது நாளும் கோழி தின்றாலும் பரவாயில்லை என்பேன், சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏலக்கூடையில் மேலே பெரிய மீனையும் அடியில் சங்காயம் என்கிற கழிசல் மீனையும் போடுவதும் இதே வகைதான். கடலட்டை விசயத்தில் யோசிக்கவே வேண்டாம், 2001-இலிருந்து பிடிக்கத் தடை. வலையில் ஏறினால் உயிரோடு திருப்பி விடுங்கள். "நான் விட்டா அடுத்தவன் எடுப்பான்" என்கிற நியாயம் ஆதாமுக்கே தோன்றவில்லை.

குடியை விடுகிறவர்களுக்கு என் மரியாதை. ஒரே ஒரு வேண்டுகோள், உயிர்ப்பு ஞாயிறு காலையில் நாற்பது நாள் பாக்கியையும் வட்டியோடு தீர்க்காதீர்கள். நோன்பு இருக்கிறவர் தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்று மத்தேயு 6-இல் இயேசு சொன்னதையும் கவனிக்கணும். வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் எரிந்து விழுந்துவிட்டு, "நான் ஒருசந்தி, என்கிட்ட பேசாதீங்க" என்றால் பட்டினி கிடந்தது நீங்கள், தவம் செய்தது உங்கள் மனைவி.

இன்னொரு சிக்கல் இந்தக் கடற்கரைக்கே உரியது. 2025-இலும் 2026-இலும் தவக்காலமும் ரமலானும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி வருகிறது. திறந்தால் ஆவியோடு இஞ்சி, பூண்டு, மல்லித்தழை வாசம், கரண்டியை விட்டால் அடியில் ஆட்டுக்கறித் துண்டு. என்ன செய்வது? இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அது முதல் கட்டளை. கொண்டுவந்த பிள்ளையிடம் நம் வேதசட்டத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 14 வயது ஆகாத உருப்படி வீட்டில் இருந்தால் அதற்குக் கொடுங்கள், இல்லை என்றால் ஆற வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள், சனிக்கிழமை தாராளமாகச் சாப்பிடலாம். அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்கில், "அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் எங்களுக்குக் கறி ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு பிடிக்கிறவர்களுக்கு நம்முடைய இந்தச் சின்ன நோன்பு உடனே புரிந்துவிடும், அடுத்த வெள்ளி கறி போடாத கஞ்சி தனியாக வரும். சட்டியை வெறுமனே திருப்பி அனுப்பாதீர்கள்.

காசு விசயம். உயிர்ப்பு விழா தள்ளி வருகிற வருசத்தில் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொள்ளும். 2025-இல் உயிர்ப்பு ஏப்ரல் 20, தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. விசைப்படகுக்கு ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் இல்லை. அந்த வருசங்களில் துணிமணிக்குக் கடன் வாங்குவதை விடுவதே பெரிய ஒறுத்தல். பிள்ளைகள் வைத்திருக்கிற தவக்கால உண்டியலில் சேருகிற காசையும் தூரத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், படகில் கூலிக்குப் போகிற பக்கத்து வீட்டில் மே மாசம் அடுப்பு எப்படி எரிகிறது என்று பாருங்கள்.

கடைசியாகப் பாவசங்கீர்த்தனம். குருத்து ஞாயிறுக்கு முன்பே முடித்துவிடுங்கள், பெரிய வாரத்தில் வரிசை கோவில் வாசல் வரை நிற்கும். உள்ளே போனால் உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள், மருமகள் செய்ததை அவளே வந்து சொல்லிக்கொள்வாள். ஐஸ் கணக்கு, எடைக் கணக்கு ஏதாவது இருந்தால் சாமியார் கேட்கிற அடுத்த கேள்வி "திருப்பிக் கொடுத்தாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். அதனால் காசை முதல் நாளே உரிய ஆளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், பின்னால் நிற்பவர்களுக்கும் நேரம் மிச்சம்.