கேரிபூவுக்குத் துறை தெரியாது: ஆர்க்டிக் புகலிடத்தில் அரசு ஆய்வுகளை ஒருங்கிணைக்கும்போது செய்யும் தவறுகள்

வடகிழக்கு அலாஸ்காவில் ஒரு மான் மந்தையை எண்ணி முடிக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. போர்க்குபைன் கேரிபூ மந்தை என்று பெயர். (முள்ளம்பன்றிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பக்கம் ஓடும் ஆற்றின் பெயர் அது.) 2001இல் எண்ணியபோது 1,23,000 இருந்தன. அடுத்த சரியான கணக்கு 2010இல்தான் கிடைத்தது: 1,69,000. இடைப்பட்ட வருடங்களில் ஒரு முழு எண்ணிக்கைகூடத் தேறவில்லை.

காரணம், எண்ணும் முறை அப்படி. ஜூலைத் தொடக்கத்தில் கொசுக்கடி தாங்காமல் கேரிபூக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். அந்த நேரம் பார்த்து விமானத்திலிருந்து படம் எடுத்து, பிறகு படத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். வானம் தெளிவாக இருக்க வேண்டும், காட்டுத்தீப் புகை இருக்கக் கூடாது, மந்தை போதிய அளவு நெருங்கியிருக்க வேண்டும். மூன்றும் கூடி வருவது ஒரு சில நாள்தான். தவறினால் அடுத்த வருடம். 1989இல் 1,78,000 இருந்த மந்தை 2001இல் குறைந்திருந்ததால், எண்ண முடியாத அந்தக் காலம் முழுக்க அது இன்னும் சரிகிறது என்ற பயமே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் அது ஏறிக்கொண்டிருந்தது. 2017இல் 2,18,000.

இந்த இடத்தில் ஆய்வுகளை ஒருங்கிணைக்கப் போகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டிய கதை இது. இங்கே நாள் குறிப்பது நாம் இல்லை, கொசு.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடம் 1960இல், அதிபர் ஐசன்ஹோவர் ஆட்சியின் கடைசி நாட்களில் உருவானது. 1980இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட அலாஸ்கா நிலச் சட்டம் அதை ஏறத்தாழ 1.9 கோடி ஏக்கராக விரித்தது. உள்ளே ஒரு சாலை கிடையாது. அதை நிர்வகிக்கும் மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறையின் அலுவலகம் ப்ரூக்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, வெகு தொலைவில் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் இருக்கிறது. வடக்கே கடலோரத்தில் காக்டோவிக் என்னும் இனுப்பியாட் பழங்குடி ஊர், சில நூறு பேர். தெற்கு எல்லையில் குவிச்சின் பழங்குடி மக்களின் ஊரான ஆர்க்டிக் வில்லேஜ். இந்தப் பரப்புக்குள் புவியியல் ஆய்வு மையம், மாநில வேட்டை-மீன்வளத் துறை, பல்கலைக்கழகங்கள், கனடாவின் யூக்கான் அரசு எனப் பலரும் ஏதாவது ஒன்றை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆக, முதல் தவறு, அலுவலக நாள்காட்டியை வைத்துக் களப்பணியைத் திட்டமிடுவது. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. பட்ஜெட் இழுபறியில் பணம் கைக்கு வர வசந்தம் ஆகிவிடும். களமோ ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைதான் திறந்திருக்கும். எரிபொருளை முன்கூட்டியே கொண்டுபோய் வைக்க வேண்டும், சிறு விமானங்களைப் பல மாதங்களுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். ஏப்ரலில் ஒப்புதல் வந்த திட்டம் அந்த வருடத்துக்கு ஏற்கெனவே தாமதம். அதை ஒத்துக்கொண்டு மறு வருடத்துக்குத் தள்ளுவதற்குத் துணிச்சல் வேண்டும். பலர் தள்ளுவதில்லை. அவசரமாகப் போய் அரைகுறைத் தரவோடு திரும்புவார்கள். மூடுபனிக்காக நான்கைந்து நாள் சும்மா உட்கார வேண்டியிருக்கும் என்பதைக்கூடக் கணக்கில் சேர்க்காத திட்டங்கள் உண்டு. அதைத் திட்டம் என்று சொல்வதே அதிகம்.

இடத்தையும் இதே மாதிரி நிலையானது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான வருடங்களில் இந்த மந்தை புகலிடத்தின் கடலோரச் சமவெளியில், மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் கன்று போடும். பனி உருகத் தாமதமானால் அங்கே வந்து சேர முடியாமல் கனடா பக்கத்திலேயே போட்டுவிடும். அப்போது அலாஸ்காவில் கூடாரம் போட்டுக் காத்திருக்கும் குழுவுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. இரண்டு நாடுகளும் இந்த மந்தைக்காகவே 1987இல் ஒப்பந்தம் போட்டன. கேரிபூவின் கழுத்தில் மாட்டிய, இருப்பிடம் காட்டும் பட்டைகளின் தரவை இரு பக்கமும் பகிர்ந்துகொள்வது மரியாதைக்காகச் செய்வதில்லை. அது இல்லாமல் மந்தையின் ஒரு வருட வாழ்க்கை யாருக்கும் முழுசாகத் தெரியாது.

ஒவ்வொரு அனுமதியும் சின்னதுதான், ஆனால்…

எனக்குத் தெரிந்து இதுதான் ஆகப் பெரிய தவறு. அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஒரு குழு பறவைக் கூடுகளைப் பார்க்கிறது, இருபது முறை பறந்தால் போதும். இன்னொன்று ஆற்று நீரை அளக்கிறது, பதினைந்து முறை. மூன்றாவது உறைமண்ணின் வெப்பத்தைப் பதிவுசெய்யும் கருவிகளைச் சரிபார்க்கிறது. நான்காவது தாவரங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் படித்தால், "விலங்குகளுக்குத் தொந்தரவு மிகக் குறைவு" என்று எழுதியிருப்பது உண்மையாகத்தான் தெரியும். கன்றோடு நிற்கும் கேரிபூவுக்கு எந்த விமானம் எந்தத் துறையுடையது என்று தெரியாது. அதற்குத் தெரிவது, இன்று காலையிலிருந்து இது நான்காவது சத்தம். காக்டோவிக், ஆர்க்டிக் வில்லேஜ் வேட்டைக்காரர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் புகார் இதேதான்: தாழப் பறக்கும் விமானங்கள் விலங்கை விரட்டிவிடுகின்றன. அவர்களுக்கு அது அந்தக் குளிர்காலத்துச் சாப்பாடு.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. எல்லாத் திட்டங்களின் பறப்புகளையும் குளிர்காலத்திலேயே ஒரே அட்டவணையில் போட்டு, ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தவுடன் தெரியும், இரண்டு குழுக்கள் ஒரே பள்ளத்தாக்குக்கு ஒரே வாரத்தில் தனித்தனி ஹெலிகாப்டரில் போகின்றன என்று. ஒரு விமானத்தில் சேர்த்து அனுப்பலாம். நீர் மாதிரி எடுக்கப் போகிறவரே கருவியின் பேட்டரியையும் மாற்றிவிட்டு வரலாம். சிலவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு முடித்துக்கொள்ளலாம். இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பணம் இல்லை, "எங்கள் திட்டம், எங்கள் ஹெலிகாப்டர்" என்கிற பழக்கம்.

இதில் சட்டமும் இருக்கிறது. புகலிடத்தில் சுமார் 80 லட்சம் ஏக்கர், மனிதக் கை படாத நிலத்தை அப்படியே காக்கும் 1964ஆம் ஆண்டு வனநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே இயந்திரமோ நிரந்தரக் கருவியோ வைப்பது பொது விதியாகத் தடை. நிர்வாகத்துக்குத் தவிர்க்க முடியாத குறைந்தபட்சம் எது என்று எழுதிக் காட்டினால்தான் விலக்கு. அலாஸ்காவில் சிறு விமானங்கள் இறங்குவதற்குத் தனிச் சலுகை உண்டு. ஹெலிகாப்டர் அந்தச் சலுகையில் வராது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். "விமானத்துக்கு விடுகிறார்கள் அல்லவா, ஹெலிகாப்டருக்கும் விடுவார்கள்" என்று நினைத்து, மே மாதம் விண்ணப்பிப்பவர் கோடையை அலுவலகத்தில்தான் கழிப்பார்.

விலங்குக்கு விலங்கு அதிகாரம் மாறுவதும் பலரைக் குழப்பும். ஒரே பனிக்கட்டியின் மேல் இருந்தாலும் துருவக் கரடி உள்துறை அமைச்சகத்தின் (அங்கே அது நிலத்தையும் இயற்கை வளத்தையும் பார்க்கும் அமைச்சகம்) மீன், வனவிலங்குத் துறைக்கு. அது தின்னும் கடல்நாய் வணிக அமைச்சகத்தின் கடல், வளிமண்டல நிர்வாகத்துக்கு. கேரிபூவுக்கு மாநிலத் துறை. காக்டோவிக்கைச் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு பகுதி அந்த ஊர் மக்களின் நிறுவனத்துக்குச் சொந்தம், அங்கே கால் வைக்க அவர்களிடம் கேட்க வேண்டும். புகலிட அலுவலகத்தின் ஒரு கடிதம் இருந்தால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம்.

ஊரைக் கடைசியில் கேட்பது

1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், அலாஸ்கா இனுப்பியாட் மக்களின் போஹெட் திமிங்கில வேட்டையை நிறுத்தச் சொன்னது. மிஞ்சியிருப்பவை ஓராயிரம், இரண்டாயிரத்துக்குள்தான் என்பது அன்றைய விஞ்ஞானிகளின் மதிப்பு. வசந்தத்தில் பனிக்கட்டி ஓரத்தில் நின்று, விரிசலில் தெரியும் நீரில் கடந்து போகிறவற்றை எண்ணி வந்த கணக்கு அது. வேட்டைக்காரர்கள் சொன்னார்கள்: நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும், திமிங்கிலம் பனிக்குப் பயப்படாது, பனியின் அடியிலேயே போகும், மூச்சு விட வேண்டுமென்றால் தலையால் முட்டி உடைத்துக்கொள்ளும். வடக்கு அலாஸ்காவின் உள்ளூர் அரசான வடசரிவு வட்டார நிர்வாகம் பணம் போட்டு, நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டு போவது பதிவானது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 17,000. இடையில் இனம் பெருகியதும் உண்மைதான். ஆனாலும் ஆரம்பக் கணக்கே தப்பு, அது ஏன் தப்பு என்பது ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, "சரி, பாரம்பரிய அறிவையும் சேர்த்துக்கொள்வோம்" என்று அறிக்கையின் கடைசியில் ஒரு அத்தியாயம் வைப்பார்கள். அதுவும் தவறுதான். ஊரின் இடம் கேள்வியை எழுதும்போது, அதாவது எதை அளப்பது, எங்கே நின்று அளப்பது என்று தீர்மானிக்கும்போது. எல்லாம் முடிவாகி, அச்சடித்த தாளோடு ஊர் மன்றத்துக்குப் போய்க் கருத்துக் கேட்டால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். காக்டோவிக் மக்களுக்கு அரசுத் திட்டங்களோடு பழைய கணக்கு ஒன்று இருப்பதும் நினைவில் இருக்கட்டும். 1947இல் ராணுவ விமானத் தளத்துக்காக ஊரையே பெயர்த்து நகர்த்தினார்கள். அதோடு விடவில்லை, மொத்தம் மூன்று முறை.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். செப்டம்பர் வாக்கில் காக்டோவிக்கில் திமிங்கில வேட்டைக் காலம். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். கடலோரத்தில் பறந்தாலோ அடுத்த வருடமும் வர மாட்டார்கள்.

ஒரே கருவியை நம்புவது

தாய்த் துருவக் கரடி குளிர்காலத்தில் பனிக்குள் குகை தோண்டிக் குட்டி போடும். எண்ணெய் நிறுவனங்கள் அந்தக் குகைகளைத் தவிர்ப்பதற்காக, விமானத்தில் அகச்சிவப்புக் கேமரா வைத்துத் தேடிவந்தன. கரடியின் உடல் சூடு பனி வழியாகத் தெரியும் என்பது யோசனை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பகுதியில் இருந்ததாக உறுதியான 33 குகைகளைப் பழைய தேடல் பதிவுகளோடு ஒப்பிட்டது. கேமரா கண்டுபிடித்தவை 15. காற்று அடித்தாலோ, குகையின் கூரைப் பனி தடிமனாக இருந்தாலோ கருவி ஏமாந்துவிடும். "தேடினோம், ஒன்றும் இல்லை" என்ற வரிக்கும் "ஒன்றும் இல்லை" என்பதற்கும் நடுவே பாதிக்கு மேற்பட்ட கரடிகள் படுத்திருந்தன. ஒருங்கிணைப்பாளர் எந்தக் குழுவின் முடிவையும் வாங்கும்போது கேட்க வேண்டியது, எத்தனை கண்டீர்கள் என்பதோடு, எத்தனையைத் தவறவிடும் முறை இது என்பதும்.

தரவு

1980 சட்டத்தின் 1002ஆம் பிரிவு, கடலோரச் சமவெளியில் சுமார் 15 லட்சம் ஏக்கரை எண்ணெய் உண்டா என்று ஆராயச் சொல்லி ஒதுக்கியது. 1984, 1985 குளிர்காலங்களில் நில அதிர்வு ஆய்வு வண்டிகள் 2,000 கி.மீ.க்கு மேல் கோடு கோடாக ஓடின. உறைந்த நிலம், தடம் பதியாது என்பது எதிர்பார்ப்பு. பெரும்பகுதி ஆறிவிட்டது, ஆனால் சில இடங்களில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தடம் தெரிந்தது. இது நமக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே சிலர் தடங்களின் மேல் சிறு மாதிரித் திட்டுகளைக் குறித்து, படம் எடுத்து, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். குறித்து வைத்தவர் ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வந்தவர் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அதே சமவெளியில் 1985-86இல் தோண்டிய ஒரே எண்ணெய்க் கிணறு இருக்கிறது. ஊர் நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தில் தோண்டியது. அதன் முடிவுகளைத் தனியார் ரகசியமாகப் பல பத்தாண்டுகள் பூட்டியே வைத்திருந்தார்கள்.

எண்ணெய் நிறுவனம் பூட்டி வைப்பதாவது புரிகிறது, வியாபாரம். அரசுக் குழுக்களே தரவைத் தங்கள் கணினியில் வைத்துக்கொண்டு, கட்டுரை வரட்டும் பிறகு தருகிறேன் என்பதுதான் புரியவில்லை. 2005 எரிசக்திச் சட்டம் வடசரிவு அறிவியல் முன்முயற்சி என்ற அமைப்பை உருவாக்கியதே, மத்திய, மாநில, வட்டார அரசுகள் ஒருவர் அளந்ததை மற்றவர் அறியட்டும் என்றுதான். அதை வருடத்துக்குச் சில கூட்டம் என்று நடத்தலாம். அல்லது அனுமதி தரும்போதே, எந்தத் தேதிக்குள் தரவு, எந்த வடிவில், எந்த இடத்தில் என்று எழுதி வாங்கலாம். முதலாவதை நடத்துவது சுலபம்.

பாதுகாப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கரடி வேலி, துப்பாக்கிப் பயிற்சி, செயற்கைக்கோள் தொடர்புக் கருவி, ஒரு வாரத்துக்குக் கூடுதல் சாப்பாடு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு குழுவும் தனித்தனி மீட்புத் திட்டம் வைத்துக்கொண்டு, எல்லாத் திட்டத்திலும் அதே ஒரு ஹெலிகாப்டரின் பெயரை எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கருவிகளைத் திரும்ப எடுப்பது. வைக்கும் பயணத்துக்குப் பணம் ஒதுக்கி, எடுக்கும் பயணத்தை மறந்துவிடுவார்கள். முளைக்குச்சி, கம்பி, பேட்டரி, காலி எரிபொருள் பீப்பாய் எல்லாம் அந்தக் குளிரில் மட்காது, அப்படியே கிடக்கும். நினைவு வந்து ஆகஸ்ட் கடைசியில் எடுக்கக் கிளம்பினால், அப்போதுதான் பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் சமவெளியில் இறங்கி, தெற்கே போகும் நீண்ட பயணத்துக்காக மேய்ந்து கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும். விமானச் சத்தம் கேட்டால் கூட்டமாக எழும்பிவிடும். சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் அங்கேயே கரையும். அந்த எடுக்கும் பயணத்துக்கும் குளிர்காலத்து அட்டவணையில் ஒரு வரி இருக்கட்டும், ஆகஸ்ட் நடுவுக்கு முன்பாக.