பறந்து முடித்த விண்கலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஓய்வுபெற்ற விண்கலத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். வேறு சிலர் "ரொம்பப் பெருசு" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். அளவைப் பார்த்து வரும் பிரமிப்பு பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மனதைப் பிடித்து நிறுத்துபவை அது பறந்ததற்கான தடங்கள்: கருகல், கீறல், பழசுக்கு நடுவே மாற்றி ஒட்டிய ஓடு. அவை எங்கே இருக்கும், எந்த வரிசையில் பார்த்தால் பிடிபடும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில், அது பறந்ததா?

டிக்கெட் எடுக்கும் முன்பே இதை உறுதி செய்துகொள்ளுங்கள். விண்வெளிக்குப் போய்வந்த கலம், தரையில் சோதிக்கப்பட்ட கலம், காட்சிக்காகச் செய்த மாதிரி என மூன்று வகை உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போய் அரை மணி நேரம் உருகி நின்றபின் "மாதிரி" என்ற பலகையைப் படிப்பது எரிச்சலான அனுபவம்.

விண்வெளிக்குப் போன அமெரிக்க விண்ணோடங்களில் (ஸ்பேஸ் ஷட்டில்) மிஞ்சியவை மூன்று: டிஸ்கவரி, அட்லாண்டிஸ், எண்டெவர். நியூயார்க்கின் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் இருக்கும் எண்டர்பிரைஸ் 1977இல் வளிமண்டலத்துக்குள் மிதந்து இறங்கும் சோதனைகளை மட்டுமே செய்தது. சோவியத்தின் விண்ணோடமான புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் ஒரே ஒருமுறை விண்வெளிக்குப் போய்வந்தது. அந்தக் கலம் 2002இல் பைக்கனூரில் கொட்டகைக் கூரை இடிந்து விழுந்து நொறுங்கிவிட்டது. ஆகவே ஜெர்மனியின் ஷ்பையரில் நிற்பது உட்பட, இன்று நீங்கள் பார்க்கக்கூடிய புரான் எதுவும் விண்வெளியைப் பார்த்ததில்லை. ஹூஸ்டன், கென்னடி விண்வெளி மையம், ஹன்ட்ஸ்வில் ஆகிய மூன்று இடங்களிலும் படுத்திருக்கும், நிலாவுக்கு ஆளனுப்பிய வகையான சாட்டர்ன் 5 ராக்கெட்டுகளும் பறக்காதவைதான். பறந்த சாட்டர்ன் 5 எதுவும் திரும்பவில்லை. உச்சியில் உட்கார்ந்துபோன சின்னக் கலம் மட்டுமே திரும்பியது.

பறந்த கலத்திலும் எல்லாமே பறந்தவை அல்ல. விண்ணோடங்களின் வால்பக்கம் தெரியும் மூன்று பெரிய எஞ்சின் கூம்புகளும் மாதிரிகள். உண்மையான எஞ்சின்களை அடுத்த ராக்கெட்டுக்காக நாசா எடுத்து வைத்துக்கொண்டது. அதனால் உங்கள் நேரத்தைப் பின்பக்கம் செலவழிக்க வேண்டாம். எல்லோரும் படம் எடுக்கும் இடம் அதுதான் என்றாலும்.

ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிஸ்கவரி 39 முறை போனது. அத்தனையையும் படித்துக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஏப்ரலில் ஹப்பிள் தொலைநோக்கியைச் சுமந்துபோனது டிஸ்கவரி. 2006 டிசம்பரில் சுனிதா வில்லியம்ஸை முதன்முறை மேலே கொண்டுபோனதும் அதுதான். ஆறு மாதம் கழித்து 2007 ஜூனில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது அட்லாண்டிஸ். சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் அமெரிக்கப் பகுதியான யூனிட்டியை 1998 டிசம்பரில் கொண்டுபோய்ப் பொருத்தியது எண்டெவர்.

தேர்ந்தெடுத்த பயணத்தின் ஏவுதல் அல்லது தரையிறங்கும் ஒலிப்பதிவில் இரண்டு மூன்று நிமிடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அந்தக் கட்டடங்களுக்குள் சிக்னலை நம்ப முடியாது. கலத்தின் முன் நின்று காதுக்கருவியில் அதைக் கேட்பது, நூறு விளக்கப் பலகைகளைவிட வேலை செய்யும்.

பார்க்கும் வரிசை

வாஷிங்டனுக்கு அருகே சான்டிலியில், உட்வார்-ஹேஸி மையத்தில் டிஸ்கவரி தன் சக்கரங்களின் மேலேயே நிற்கிறது. நுழைவு இலவசம். உள்ளே நூற்றுக்கணக்கான விமானங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து முடித்துக் கால் கடுத்த பிறகு விண்ணோடத்துக்கு வருவதுதான் பலர் செய்யும் தவறு. நேராக அதனிடம் போங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், முதல் இருபது நிமிடம் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

தூரத்தில் நின்று முழுவதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 37 மீட்டர் நீளம், 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவான இறக்கை அகலம். பிறகு மூக்கருகே போய்க் குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு ஓடுகள், பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் சதுரம். கலம் முழுவதும் சேர்த்து 24,000க்கு மேல். உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு இல்லை என்பது தெரியும். பலமுறை வெந்து இறங்கியவை சாம்பல் பூத்து வெளிறியிருக்கும். பின்னாளில் மாற்றியவை மையிருட்டாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, ஏனென்றால் ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இன்னும் நெருங்க முடிந்தால் ஓட்டின் மேல் ஓர் ஊசித் துளை தென்படும். ஓடு சிலிக்கா இழையால் ஆனது, பெரும்பகுதி காற்று. ஈரத்தை உறிஞ்சினால் எடை கூடும், விரிசல் விடும். ஈரம் ஒட்டாமல் தடுக்கும் மருந்து, வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது வரும் வெப்பத்தில் எரிந்துபோவதால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வோர் ஓட்டிலும் அதை ஊசியால் செலுத்தினார்கள். அந்தத் துளையைப் பார்த்தபின் விண்ணோடத்தை வெறும் இயந்திரமாகப் பார்ப்பது கஷ்டம்.

டிஸ்கவரியின் மூக்குக்குக் கீழே, ஓடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய இடுக்குகளைக் கவனியுங்கள். 2005 ஆகஸ்டில் அந்த இடுக்குகளை நிரப்பும் பீங்கான் துணிப் பட்டைகளில் இரண்டு வெளியே துருத்திக்கொண்டன. இறங்கும்போது அவை காற்றோட்டத்தைக் கலைத்துவிட்டால் அவற்றுக்குப் பின்னால் வெப்பம் எகிறும். விண்வெளி வீரர் ஸ்டீபன் ராபின்சன் விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையில் நின்றபடி அடிவயிற்றுக்குக் கீழே போய், இரண்டையும் விரலால் உருவி எடுத்தார். நீங்கள் குனிந்து பார்க்கும் அதே பரப்பு.

மேல்பக்கத்துக்கு மாடி நடைபாதைதான் சரி. மேலே வெப்பம் குறைவு என்பதால் ஓட்டுக்குப் பதில் பெரும்பாலும் துணிப் போர்வைதான். தைத்த மெத்தைபோல நூல்தடம் வரிவரியாகத் தெரியும். "இவ்வளவு அழுக்கா?" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள். அந்தக் கறைகளைத் துடைக்காமல் விட்டதுதான் அருங்காட்சியகம் செய்த நல்ல காரியம்.

புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் அட்லாண்டிஸ் வேறு மாதிரி. 43.21 டிகிரி சாய்த்து, சரக்குக் கதவுகளைத் திறந்து, வானில் பறக்கும் கோலத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு படம் காட்டுவார்கள். அது முடியும்போது திரைக்குப் பின்னால் கலம் வெளிப்படும். பலருக்கு அந்த நொடியில் கண்ணீர் வந்துவிடும், அதற்காகவே அமைத்த ஏற்பாடு அது. கூட்டம் முண்டியடித்து முன்னே ஓடும். ஓடாதீர்கள். ஓரமாக ஒதுங்கி இரண்டு நிமிடம் நின்றால் முன்னால் இடம் காலியாகிவிடும். பிறகு தரைத்தளத்துக்கு இறங்கி அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் எண்டெவரை 2024 ஜனவரியில் தூக்கி, உண்மையான எரிபொருள் வெளித்தொட்டியோடும் பக்கவாட்டு ராக்கெட்டுகளோடும் ஏவுதளத்தில் நிற்பதுபோல நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். புதிய கட்டடம் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இடது இறக்கை

இதை எல்லோருக்கும் சொல்வதில்லை. தாங்க முடியும் என்றால் செய்யுங்கள். எந்த விண்ணோடமானாலும் இடது இறக்கையின் முன்விளிம்பில் சாம்பல் நிறக் கார்பன் பலகைகள் வரிசையாக இருக்கும், ஓர் இறக்கைக்கு 22. உடல் பக்கமிருந்து எண்ணிக்கொண்டே வந்து எட்டாவதில் நில்லுங்கள். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு, ஒரு கிலோ எடைகூட இல்லாதது, மோதியது அந்த இடத்தில்தான். பிப்ரவரி 1 அன்று இறங்கும்போது சூடான வாயு அதன் வழியே உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் திரும்பவில்லை.

அட்லாண்டிஸ் இருக்கும் அதே கட்டடத்தில், 1986இல் விபத்தில் அழிந்த சேலஞ்சர் விண்ணோடத்தின் உடற்பகுதி ஒன்றும் கொலம்பியாவின் ஜன்னல் சட்டங்களும், இரு விபத்துகளிலும் இறந்த 14 பேரின் நினைவுப் பொருள்களும் உள்ளன. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போனால் அட்லாண்டிஸைப் பார்க்கும் கண் மாறிவிடும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் பெரியவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் போய்வரலாம்.

சின்னக் கலங்கள்

நிலாவுக்குப் போய்வந்த அப்பல்லோ கலத்தின் முன் முதலில் வருவது ஏமாற்றம்தான். அடி விட்டம் 3.9 மீட்டர், உயரம் 3.2. அந்த ஏமாற்றத்தை விரட்டாதீர்கள், அதுவே வழி. அப்பல்லோ 11இல் மூன்று பேர் எட்டு நாள் பயணம் போனபோது, நிலாவின் மேற்பரப்பில் இருவர் கழித்த நேரம் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான். போவதற்கு முன் தரையில் சாக்பீஸால் அந்த வட்டத்தை வரைந்து, மூன்று பேர் உட்கார்ந்து பாருங்கள். கலத்துக்குள் இடம் அதைவிடக் குறைவு, சுவர் உள்நோக்கிச் சரிகிறது.

பிறகு வெப்பக் கவசம். தேன்கூட்டுச் சட்டத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணறைகள், ஒவ்வொன்றையும் கையால் நிரப்பினார்கள். நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது எரிந்து கருகுவதே அதன் வேலை. கருகல் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். எடை நடுவிலிருந்து தள்ளி வைக்கப்பட்டதால் கலம் சற்றுச் சாய்ந்தே இறங்கியது. காற்றை எதிர்கொண்ட பக்கம் எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அப்பல்லோ 11 கலம் வாஷிங்டனில் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுழைவு இலவசமானாலும் நேரம் குறித்த அனுமதிச்சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். கலத்துக்குள்ளே, அந்த மூவரில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் பேனாவால் எழுதிய வரிகள் உண்டு, வெளியிலிருந்து தெரியாது. அருங்காட்சியகத்தை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட முப்பரிமாணப் படத்தில் அவற்றையும், நாள்களை அடித்துக்கொண்டே வந்த கைநாள்காட்டியையும் பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு அந்தச் சின்ன ஜன்னல் வெறும் ஜன்னலாகத் தெரியாது.

நிலாவுக்குப் போகும் வழியில் வெடிப்பு நேர்ந்த அப்பல்லோ 13 கலம் கன்சாஸ் மாநிலம் ஹட்சின்சனில் உள்ளது. வெடித்த இடத்தைத் தேடாதீர்கள். வெடித்தது பின்னால் இணைந்திருந்த சேவைப் பகுதி. அதைக் கழற்றிவிட்ட பிறகே இது இறங்கியது.

ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் தேடவேண்டியது வேறு. பாராசூட் விரிந்தபின் அடிக் கவசத்தை அது உதறிவிடும். ஆகவே அடியில் தெரிவது, தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சீறும் சின்ன எஞ்சின்களின் வாய்கள். ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று போனது சோயுஸ் டி-11இல், 11ஆம் தேதி திரும்பியது டி-10இல். டெல்லி நேரு கோளரங்கத்தில் இருப்பது திரும்பி வந்த கலம்.

உணர்ச்சி வந்தால், வராவிட்டால்

அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் தினமும் பார்ப்பதுதான். கூட வந்தவர்களிடம் "பத்து நிமிடம் தனியாக விடுங்கள்" என்று உள்ளே நுழையும் முன்பே சொல்லிவைத்தால் சங்கடம் இருக்காது. இனி இது பறக்காது என்ற துக்கமும் வரும். அந்த நேரத்தில் திட்டத்தை ஏன் நிறுத்தினார்கள், எவ்வளவு செலவு என்று பக்கத்தில் ஒருவர் விவாதம் ஆரம்பிப்பார். நகர்ந்துவிடுங்கள்.

ஒன்றுமே தோன்றவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் களைப்பு, பசி, அல்லது எடுத்த எடுப்பில் கேமரா. உட்காருங்கள். உயரத்தை மாற்றிப் பாருங்கள்: மாடியிலிருந்து பார்த்திருந்தால் கீழே, நின்றிருந்தால் குனிந்து. அப்புறமும் இல்லையென்றால் ஒரே ஓர் ஓட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து ஓடுகளோடு ஒப்பிட்டு, எது பழசு எது புதுசு என்று பிரியுங்கள். வேலையாகச் செய்யும்போது வருவது, எதிர்பார்த்து நிற்கும்போது வருவதில்லை.

படம் கடைசியில். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கலத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம், உங்கள் முகம்தான் விழும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு லென்ஸைக் கண்ணாடிக்கு அருகே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பிரதிபலிப்பு பெருமளவு போய்விடும். விண்ணோடத்தின் மூக்கை அகலக் கோணத்தில் எடுத்தால் ஊதிப் பெருத்துத் தெரியும். பின்னால் தள்ளிப் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

கிளம்பும் முன் அங்கிருக்கும் வழிகாட்டித் தன்னார்வலர் ஒருவரிடம் பேசுங்கள். "எத்தனை கிலோமீட்டர் பறந்தது?" என்று கேட்டால் பலகையில் இருப்பதே பதிலாக வரும். "இதில் யாரும் கவனிக்காத தடம் எது?" என்று கேளுங்கள். அவர் உங்களைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பார்.