பவரோட்டியைக் கேட்கப் பழகுவது எப்படி?

ஓப்பரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம், கேட்க ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இத்தாலியப் பாடகர் லூச்சானோ பவரோட்டியைத்தான். இத்தாலி மொழி தெரியாவிட்டாலும், அவர் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும்.

படி 1: புச்சீனி இசையமைத்த 'லா போஎம்' ஓப்பரா, கராயன் இசைக்குழுவை நடத்திய 1972 பதிவு. வேறெதிலும் தொடங்காதீர்கள். 1961-ல் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவில் பவரோட்டி முதன்முதலில் மேடையேறியதும் இதன் நாயகன் ரொடால்ஃபோ வேடத்தில்தான். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். சாதாரண வயர் ஹெட்போனே மேல்.

படி 2: அதில் வரும் 'கே ஜெலிதா மனீனா' பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நாயகி மீமியின் சில்லிட்ட கையை ரொடால்ஃபோ பிடிக்கிறான். தொடக்கச் சொற்கள் ஒரே சுரத்தில்தான் நிற்கும். பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவது போல அதை அவர் எவ்வளவு அடக்கிப் பாடுகிறார் பாருங்கள்.

படி 3: பலரும் தாண்டிப் போய்விடுவது இதைத்தான், அதனால் நிதானமாக. கீழிருந்து மேலே 'ஆ' என்று நீங்களே பாடிப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் உடையும், அல்லது கத்தலாகும். பவரோட்டி போன்ற டெனர்களுக்கு (உயர்ந்த ஆண்குரல் பாடகர்களுக்கு) அந்த இடம் எஃப் ஷார்ப், ஜி என்ற மேற்கத்திய சுரங்களின் பக்கம் வரும்; இத்தாலியர்கள் 'பஸ்ஸாஜ்ஜோ' என்பார்கள். பவரோட்டி அங்கே வாயை இன்னும் பிளப்பதில்லை. 'ஆ' லேசாக 'ஓ' பக்கம் சாயும், ஒலி கொஞ்சம் இருண்டு குவியும், அதற்கு மேல் மறுபடி பளிச்சென்று திறக்கும். இந்தத் திருப்பம் காதுக்குப் பிடிபடும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். கீழே மூச்சைத் தாங்கும் பிடிப்பு இல்லாமல் இது நடக்காது. 1965-ல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் பாடகி ஜோன் சதர்லாண்டின் விலாவில் கைவைத்துப் பார்த்து அவர் கற்றது அந்தப் பிடிப்பைத்தான்.

படி 4: இனி அதே பாட்டில் 'ஸ்பெரான்ஸா' என்ற சொல்லில் வரும் ஹை சி, டெனர்களுக்கு மிக உயரமான சுரங்களில் ஒன்று. 1972-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் ஒரே பாட்டில் 9 ஹை சி பாடிப் புகழின் உச்சிக்குப் போனவர் அவர். ஆனால் எனக்கு இந்த ஒன்றுதான் பெரிது. வரி தானாக ஏறி அங்கே போய் நிற்கிறது, தாவல் தெரியாது.

பின்சேர்க்கை: பவரோட்டி பாடிய இன்னொரு புச்சீனி பாட்டான 'நெஸ்ஸுன் டோர்மா'வில் தொடங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 1990 உலகக் கோப்பை கால்பந்தால் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கேளுங்கள். அதன் உச்சம் பி, ஹை சி-க்கு அரைச் சுரம் கீழே. அப்புறம், வேறு டெனர்களோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'கே ஜெலிதா மனீனா'வைச் சிலர் அரைச் சுரம் இறக்கிப் பாடுவார்கள். ஒரே சுருதியில் உள்ள பதிவுகளாகப் பார்த்து எடுங்கள்.