காய்ந்ததா? ஜாவாவில் முதல் பூலியன் மெத்தட்

தை, மாசியில் மன்னார்குடிப் பக்கம் எந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி, ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் கண்ணெல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான் இருக்கும். 17 சதவீதத்துக்குள் இருந்தால் நெல் தராசுக்குப் போகும். தாண்டினால் மறுபடி வெயிலுக்கு. உள்ளே போவது ஓர் எண், வெளியே வருவது ஆம் அல்லது இல்லை. ஜாவா என்ற நிரல்மொழியில், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் தரும் சின்னக் கட்டளைத் தொகுப்பான பூலியன் மெத்தட் செய்வதும் இதைத்தான்.

முதலில் பெயர் வையுங்கள். தமிழில் கேள்விக்கு ‘ஆ’ சேர்ப்போமே, அதையே பிடித்துக்கொள்ளலாம். ‘காய்ந்ததா’ என்று கேட்டால் ட்ரூ (ஆம்), ஃபால்ஸ் (இல்லை) இரண்டில் ஒன்றுதான் பதில். ‘ஈரம் எவ்வளவு’ என்றால் எண் வரும். அது பூலியன் மெத்தட் ஆகாது. பெயரை ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையை ஜாவா ஏற்பதால் இந்தப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.

அடுத்து, கிளாஸுக்குள் (நிரலைச் சூழ்ந்திருக்கும் பகுதி), ஆனால் மெயினுக்கு (நிரல் ஓடத் தொடங்கும் மெத்தட்) வெளியே இதை எழுதுங்கள்:

ஸ்டேட்டிக் பூலியன் காய்ந்ததா(டபுள் ஈரம்) {
    ரிட்டர்ன் ஈரம் <= 17.0;
}

ஸ்டேட்டிக், பூலியன், டபுள், ரிட்டர்ன் நான்கும் ஜாவாவின் சொந்தச் சொற்கள். இங்கே உச்சரிப்பைத்தான் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். 16.8 போலப் புள்ளி வைத்த எண் வரும் என்பதால் டபுள். <= என்றால் ‘குறைவு அல்லது சமம்’.

புதிதாக எழுதுபவர்கள் பலரும் ‘17க்குள் இருந்தால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ்’ என்று இஃப், எல்ஸ் போட்டு நான்கைந்து வரி எழுதுவார்கள். தப்பில்லை. ஆனால் எல்ஸ் பக்கம் ரிட்டர்ன் விட்டுப்போனால், நிரலை ஓட்டுவதற்கு முன் சரிபார்த்து மாற்றித்தரும் கம்பைலர் ‘மிஸ்ஸிங் ரிட்டர்ன் ஸ்டேட்மென்ட்’ என்று நிறுத்திவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதன் விடையே ட்ரூ அல்லது ஃபால்ஸ்தானே, அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும்.

சரி, இப்போது சோதனை. மெயினுக்குள் பிரிண்ட் வரியில் காய்ந்ததா(16.9), காய்ந்ததா(17.0), காய்ந்ததா(17.1) என மூன்றையும் கூப்பிடுங்கள். ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ் வர வேண்டும். நடுவில் இருப்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். <= என்பதற்குப் பதில் < மட்டும் போட்டிருந்தால் மற்ற இரண்டும் சரியாகவே வரும், 17.0 மட்டும் ஃபால்ஸ் ஆகும். நாள் முழுக்கக் கிளறிக் காயவைத்து, சரியாக 17க்குக் கொண்டுவந்தவரின் நெல்லை அந்த ஒரு குறி திருப்பி அனுப்பிவிடும். எந்த மெத்தட் எழுதினாலும் வரம்பில் நிற்கும் எண்ணை நான் முதலில் சோதிப்பது இதனால்தான்.

அப்புறம் ஒன்று. மழையில் நெல் நனையும் பருவங்களில் இந்த 17ஐ மத்திய அரசு தளர்த்துவது உண்டு. அதற்காக மெத்தடைத் திறந்து எண்ணை மாற்ற வேண்டாம், வரம்பையும் வெளியிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்:

ஸ்டேட்டிக் பூலியன் காய்ந்ததா(டபுள் ஈரம், டபுள் வரம்பு) {
    ரிட்டர்ன் ஈரம் <= வரம்பு;
}

இப்போது காய்ந்ததா(18.2, 17.0) ஃபால்ஸ், காய்ந்ததா(18.2, 19.0) ட்ரூ.