கோஷர் கடைப்பிடிக்கும் தோழிக்கு நம் வீட்டுச் சாம்பார் சோறு: படிப்படியாக

நியூ ஜெர்சியில் எடிசனும் ஹைலண்ட் பார்க்கும் ஒட்டி இருக்கும் ஊர்கள். எங்கள் பக்கம் ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காயிலிருந்து வாழையிலை வரை எல்லாம் கிடைக்கும். ஹைலண்ட் பார்க்கில் ஆர்த்தடாக்ஸ், அதாவது மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும், யூதக் குடும்பங்கள் நிறைய. என்னோடு வேலை பார்க்கும் தோழி அங்கேதான் இருக்கிறாள், யூத மதத்தின் உணவு விதிகளான கோஷரைக் கடைப்பிடிப்பவள். மூன்று வருடம் அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் டப்பாவைத் திறந்து சாப்பிட்ட பிறகு, ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "சாப்பாட்டைப் பத்தி யோசிக்காதே, உன்னைப் பார்க்க வர்றேன்" என்றாள். முழுக்கச் சைவமாகச் செய்தால் அவளால் சாப்பிட முடியும் என்று நம்பி, காலையிலேயே சாம்பார், பீன்ஸ் பொரியல், தேங்காய்ச் சட்னி எல்லாம் செய்து வைத்தேன். அவள் தன் கையால் உரித்த ஒரு ஆரஞ்சும் ஒரு வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

காரணத்தை அவளே பொறுமையாகச் சொன்னாள். அடுத்த முறை அவள் தன் மதகுருவான ரப்பியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள், இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம், இரண்டு முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பன்றி, இறால், நண்டு கூடாது, கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்லப்போவது அதற்கப்பால் இருப்பது.

படி 1: நாள்

வெள்ளி மாலையும் சனியும் வேண்டாம். அது ஷப்பாத் என்ற வாராந்திர ஓய்வு நாள், கார் ஓட்ட மாட்டார்கள், அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். ஞாயிறு நல்லது. வசந்த காலத்தில் பெசாக் பண்டிகை வரும் எட்டு நாளையும் விட்டுவிடுங்கள். அப்போது மாட்சா என்ற புளிக்காத ரொட்டியைத் தவிரக் கோதுமை மாவு கலந்த எதுவும் கூடாது, அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்) வழக்கத்தில் அரிசி, பருப்பு கூடத் தொட மாட்டார்கள்.

படி 2: சாமான் வாங்குவது

பச்சரிசி, துவரம் பருப்பு, உப்பு, முழு மிளகாய், முழு மல்லி, தேங்காய், பச்சைக் காய்கள் போன்றவற்றுக்குக் கோஷர் முத்திரை தேவையில்லை என்றாள். எண்ணெய்க்குத் தேவை. ஒரே ஆலையில் வேறு என்னென்ன ஓடியிருக்கும் என்று நமக்குத் தெரியாதே. பாக்கெட்டில் கோஷர் சான்று தரும் அமைப்பின் குறி சின்னதாக இருக்கும்: வட்டத்துக்குள் யூ எழுத்து இருந்தால் நியூயார்க்கின் ஆர்த்தடாக்ஸ் யூனியன், நட்சத்திரத்துக்குள் கே இருந்தால் பால்டிமோரின் ஸ்டார்-கே, வட்டத்துக்குள் கே இருந்தால் புரூக்ளினின் ஓ.கே. வெறும் கே எழுத்து மட்டும் தனியாக இருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். ஒற்றை எழுத்துக்கு வணிகக் குறி உரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

குறிக்குப் பக்கத்தில் டி இருந்தால் பால் பொருள். பி இருந்தால்? நான் அதைப் பார்வே, அதாவது பாலும் இல்லாத கறியும் இல்லாத பொதுவான உணவு என்று படித்தேன். தப்பு. பி என்றால் பாஸ்ஓவர் (பெசாக்கின் ஆங்கிலப் பெயர்), பெசாக்குக்கும் ஏற்றது என்று பொருள். அதிலேயே பால் இருக்கலாம். பாலில்லை என்று தெரிய வேண்டுமானால் "பார்வே" என்ற சொல்லையே தேடுங்கள்.

பெருங்காயத்தை நான் விட்டுவிட்டேன். நம் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் பிசினும் சேர்ந்திருக்கும், முத்திரை உள்ளது கையில் இல்லை. புளிக்குப் பதில் எலுமிச்சை. நெய், பன்னீர், தயிர் எதுவுமே வேண்டாம். பால் பொருளில் கேள்விகள் தனி. கறி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் பாலுக்கு முன் பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள், ஜெர்மானிய வழிக் குடும்பங்களில் மூன்று மணி. பாலே இல்லாமல் சமைத்தால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

படி 3: பாத்திரம், கத்தி, வெங்காயம்

நான் வழுக்கிய இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சூடான பாத்திரம் தன்னில் வெந்ததன் சுவையை உள்வாங்கிக்கொள்ளும், அடுத்த முறை அதை வெளியே விடும் என்பது கோஷர் சட்டத்தின் அடிப்படை. எங்கள் குக்கரில் போன வாரம் கோழிக் குழம்பு வெந்தது. அதில் பருப்பு வெந்தால் அந்தப் பருப்பு அவளுக்கு ஆகாது, எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தாலும் சரி. இது வரைக்கும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. தனி ஏனம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள்தானே நாம்.

புரியாதது வெங்காயம். அடுப்பில் ஏறாத பச்சை வெங்காயத்தை நறுக்கினால் என்ன? யூதச் சட்டத்தில் வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, மிளகாய், எலுமிச்சை மாதிரி காரமும் உறைப்பும் உள்ளவற்றுக்குத் தனி விதி. கத்தி அழுத்தும்போது அந்தக் காரமே கத்தியில் ஊறியதை இழுத்துக்கொள்ளும் என்பார்கள், சூடே தேவையில்லை. ஆக, கறி வெட்டிய கத்தியில் நறுக்கிய வெங்காயம் புதுப் பாத்திரத்தில் விழுந்தாலும் சாம்பார் போயிற்று. மிக்ஸி ஜாரில் மிளகாயோடு அரைத்த சட்னிக்கும் இதே கதை. விருந்தாளி வருவதற்கு முன் எல்லாம் நறுக்கி வைப்பது நம் பழக்கம் இல்லையா, அங்கேதான் முதல் முறை எல்லாமே கெட்டது.

அதனால் நான் வாங்கியவை: ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு வாணலி, ஒரு கத்தி, பலகை, கரண்டி, புதுப் பஞ்சு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கழுவுவது அந்தத் தொட்டியில்தான், சிங்க்கில் இல்லை. மரப் பலகை வேண்டாம், பிளாஸ்டிக்கே நல்லது. நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் என்றால் பின்னால் ஏதாவது பிசகினாலும் கொதிநீரில் முக்கிச் சரிசெய்ய வழி உண்டு. யூதர்கள் புதுப் பாத்திரம் வாங்கினால் மிக்வே என்ற நீர்த்தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். பாத்திரம் நமக்குச் சொந்தமாக இருக்கும் வரை அது தேவையில்லை.

பரிமாற வாழையிலை. இதைவிடப் பொருத்தமான தட்டு கிடையாது. யாரும் முன்பு சாப்பிடாதது, பிறகு எறிந்துவிடலாம். இலையைப் பார்த்ததும் தோழியின் முகத்தில் வந்த சந்தோஷத்துக்காகவே இன்னொரு விருந்து வைக்கலாம்.

படி 4: பூச்சி பார்ப்பது

கண்ணுக்குத் தெரியும் பூச்சி எதையும் சாப்பிடக் கூடாது என்பது பன்றிக்குச் சமமான தடை. காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கீரை எல்லாவற்றையும் முதல் விருந்தில் தவிர்த்துவிடுங்கள். கேரட், பீன்ஸ், உருளை, வாழைக்காய் போதும். பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்கினோம். என் பாட்டி முறத்தில் செய்ததேதான்.

கறிவேப்பிலை இல்லாமல் எனக்கு மனசு வரவில்லை. ஒரு பாத்திரத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு இலைகளை ஊறவைத்து, கையால் அலசி, நன்றாகக் கழுவி, பிறகு ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பத்து இலைக்குக் கால் மணி நேரம். இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2004இல் நியூயார்க் குழாய்த் தண்ணீரில் கோபிபாட் என்ற மிகச் சிறிய உயிரி இருப்பது பேச்சாகி, பல யூத வீடுகளிலும் உணவகங்களிலும் குழாயில் வடிகட்டி மாட்டினார்கள்.

படி 5: அடுப்பைப் பற்றவைப்பது யார்

எல்லாப் பொருளும் சரி, பாத்திரமும் புதிது, ஆனால் யூதர் அல்லாதவர் மட்டுமே சமைத்தால்? சோறு, சாம்பார் மாதிரி பச்சையாகச் சாப்பிட முடியாத, விருந்தில் வைக்கத்தக்க உணவை ஒரு யூதர் சமையலில் பங்கெடுக்காமல் அவர்கள் சாப்பிடுவதில்லை. அஷ்கெனாசி வழக்கத்தில் அடுப்பை அவர்கள் பற்றவைத்தாலே போதும், மீதியை நாம் செய்யலாம். செஃபார்டி (ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி யூதர்) வழக்கத்தில் பாத்திரத்தையும் அவர்களே அடுப்பில் ஏற்ற வேண்டும். உங்கள் விருந்தாளி எந்த வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய கேஸ் அடுப்பின் கம்பிகளில் கறிக்குழம்பு கொட்டியிருக்கும் என்பதால் புதிதாக ஒற்றை மின்னடுப்பு வாங்கினேன். சுருள் சிவக்கிற வகை. இண்டக்‌ஷன் வாங்கலாம் என்றுதான் போனேன். அதில் நெருப்பே இல்லையே, அது "பற்றவைத்தல்" ஆகுமா என்று கேள்வி வரும் என்பதால் விட்டேன். அவள் குமிழைத் திருப்பினாள், நான் தாளித்தேன். நடுவில் அணைக்காதீர்கள். நான் பழக்க தோஷத்தில் ஒரு தரம் அணைத்துவிட்டேன், அவளைக் கூடத்திலிருந்து கூப்பிட்டு மறுபடி போடச் சொன்னேன். சிறிதாக எரியவிட்டு வைப்பது எளிது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு அக்கா, சின்ன வெங்காயத்தை முந்தின இரவே உரித்து வைத்தாராம். விருந்தாளி வேண்டாம் என்றாராம். தோழியிடம் கேட்டேன். முழுதாக உரித்த வெங்காயம், பூண்டு, முட்டை இரவு தாண்டினால் சாப்பிடக் கூடாது என்று தால்முத் என்ற பழைய யூதச் சட்ட நூலின் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லாரும் பார்ப்பதில்லை. வேர்ப்பகுதியையோ ஒரு துண்டுத் தோலையோ விட்டுவைத்தால் பிரச்சினை இல்லை. அன்றைக்கே உரிப்பது இன்னும் நல்லது.

இன்னொருவர் கேட்டது: இவ்வளவும் முடியாது, நேரமில்லை, என்ன செய்வது? கோஷர் உணவகத்தில் மூடி முத்திரையிட்ட சாப்பாடு வாங்குங்கள். உங்கள் அவனிலேயே சூடாக்கலாம்; முத்திரையைப் பிரிக்காமல், அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். பிரிப்பது அவர்கள் கையால்.

அந்தப் பாத்திரங்களை மேல் அலமாரியில் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கைப்பிடியில் நீல நாடா ஒட்டியிருக்கிறது, வீட்டில் யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று. அடுத்த மாதம் தோழி தன் அம்மாவையும் அழைத்து வருகிறாள். அம்மாவுக்கு எலுமிச்சை ரசம் வேண்டுமாம்.